இந்த ஹாரன் யாருடையது?

அத்தியாயம் 17

வடக்குப்பட்டு பிள்ளையார் கோயில் முனையில் கம்பெனி பஸ் வந்து நின்றது. டிரைவர் பிச்சையா இரண்டு தடவை ஹாரன் அடித்தார்.

அங்கே ஏறுவதற்கு யாரும் இல்லை. மூன்று மாதமாகவே யாரும் இல்லை. ஆனாலும் ஹாரன் சத்தம் கேட்டதும் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. எட்டு வயது தென்றல் தலைகூட வாராமல் ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் கையில் ஈரத்துணியோடு பெரியம்மா கலைமணி. இரண்டு பேரும் வாசலில் நின்று பஸ்ஸுக்குக் கை ஆட்டினார்கள்.

வாராவாரம் நம்மோடு வருகிறவர்களுக்கு இந்த ஹாரனின் கதை தெரியும். இன்றைக்குத்தான் இந்த வீட்டுக்குள் நுழைகிறவர்களுக்காக ஒரு தரம் சொல்லிவிடுகிறேன்.

கலைமணியின் கொழுந்தன் பாபு ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தான். எதிலும் அவசரப்படாத ஆள். மற்றவர்கள் எல்லாம் பஸ் வருவதற்கு முன்பே முனையில் வந்து நிற்பார்கள். இவன் மட்டும் வீட்டுக்குள் நாலாவது இட்லியில் இருப்பான். அவனுக்காகவே பிச்சையா ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஆள் நிற்காவிட்டாலும் வண்டியை நிறுத்தி இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். பாபு வாயில் இட்லியும் கையில் சாப்பாட்டுப் பையுமாக ஓடி வந்து ஏறுவான். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மகள் தென்றலுக்குக் கை ஆட்டுவான்.

ஆனி மாதக் கடைசியில் பிச்சையா பேத்தியின் காதுகுத்துக்காக ஒரு நாள் லீவு போட்டார். அன்றைக்கு வண்டி ஓட்டியவர் புது ஆள். முனையில் யாரும் நிற்கவில்லை, அதனால் அவர் நிறுத்தவில்லை. பாபு கை கழுவிவிட்டு வந்தபோது பஸ் போயிருந்தது. பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினான். ஒரகடம் போய்ச் சேரவில்லை. வழியில் ஒரு கன்டெய்னர் லாரி.

அவன் போன பிறகு பிச்சையா இந்த முனையில் வண்டியை நிறுத்தவே பயந்தார். கலைமணிதான் ஒரு வாரம் கழித்து அவரைப் பார்த்துப் பேசினாள். "அண்ணா, எப்பவும் போல நின்னு ஹாரன் அடிண்ணா. கொழந்தை அந்த சத்தத்துக்குப் பழகிட்டுது. திடீர்னு நின்னுட்டா அது தாங்காது" என்றாள். பிச்சையா துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். மறுநாளிலிருந்து அடித்தார்.

இன்றைக்குக் காலையில் தென்றல் கை ஆட்டுவதோடு நிற்கவில்லை. தெருவைத் தாண்டி டிரைவர் ஜன்னலுக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து என்னவோ சொன்னாள். பிச்சையா குனிந்து கேட்டார். தலையை ஆட்டினார். பிறகு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியை நகர்த்தினார்.

'ஊருக்குப் போறேன்னு சொல்லிட்டு வருது' என்று கலைமணி நினைத்துக்கொண்டாள்.

ஆமாம், போன வாரம் வந்த போன் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பாபுவின் மனைவி கவியாவுக்கு நாங்குநேரிப் பக்கம். பதினெட்டு வயதில் சுங்குவார்சத்திரத்து எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்கு வேலைக்கு வந்து, ஹாஸ்டலில் தங்கியிருந்து, பாபுவைக் காதலித்துக் கட்டிக்கொண்டவள். அவளுடைய அண்ணன் பேச்சிராஜ்தான் போன் செய்திருந்தான். காலாண்டு லீவு விட்டதும் வந்து தங்கையையும் பிள்ளையையும் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன், இனி அங்கேயே இருக்கட்டும் என்றான். லீவு விட்டாயிற்று. சாயங்காலம் கிளாம்பாக்கத்தில் பஸ்.

கலைமணிக்குப் பிள்ளை இல்லை. ஆனால் அவள் அதைப் பற்றி வருத்தப்பட்டு யாரும் பார்த்ததில்லை, ஏனென்றால் வருத்தப்பட நேரம் இல்லை. பாபுவும் கவியாவும் ஆளுக்கொரு ஷிஃப்ட் என்று ஓடிக்கொண்டிருந்ததால் தென்றலைக் குளிப்பாட்டியதும் ஊட்டியதும் தூங்க வைத்ததும் இவள்தான். அந்தக் குழந்தை முதலில் சொன்ன வார்த்தையே 'பெரிம்மா'. இவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில், இவளுடைய வகுப்பிலேயே இப்போது நாலாவது படிக்கிறது.

வீட்டுக்குள் வந்ததும் கலைமணி கணவன் ராஜாமணியிடம் சொன்னாள்.

"நான் இன்னிக்கு கவியாகிட்ட கேக்கப் போறேன்."

ராஜாமணி ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். இன்னொரு கம்பெனியில் ஸ்டோர் சூப்பர்வைசர். தலையைத் தூக்காமலே, "இன்னான்னு கேப்ப?" என்றார்.

"அவ போகட்டும். கொழந்தைய வுட்டுட்டுப் போகட்டும். முழுப்பரீட்சை முடியற வரைக்குமாவது."

"கேக்காத கலை."

"ஏன்?"

"பெத்தவகிட்ட போயி இதக் கேப்பியா? புருசனையும் பறிகொடுத்துட்டு நிக்கிறா. அவளுக்குன்னு வேற இன்னா கீது?"

"எனக்கு இன்னா கீது?"

ராஜாமணி இன்னொரு ஷூவைத் தேடுகிற மாதிரி கட்டிலுக்கு அடியில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவர் கையிலேயே இருந்தது.

பேச்சிராஜ் எட்டு மணிக்கெல்லாம் வந்துவிட்டான். ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்த கண். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு பாக்கெட் கருப்பட்டி மிட்டாய். நல்ல பிள்ளைதான், குறை சொல்ல ஒன்றும் இல்லை. குறை இருந்தால் கலைமணிக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். "அக்கா, சொகமா இருக்கியளா? அத்தான் வேலைக்குப் போயிட்டாவளா?" என்று கேட்டுவிட்டு, குளித்து, சாப்பிட்டு, முன்னறை மூலையில் துண்டை விரித்துப் படுத்தவன் அப்படியே தூங்கிப்போனான்.

கலைமணி அதற்காகத்தான் காத்திருந்தாள். அடுப்படியில் கவியா வழிச் சாப்பாட்டுக்கு எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தாள். கலைமணி பக்கத்தில் போய் நின்று வெங்காயத்தை எடுத்தாள். எலுமிச்சம்பழச் சாதத்துக்கு வெங்காயம் எதற்கு என்று கவியா கேட்கவில்லை.

"கவியா, நான் ஒண்ணு கேப்பேன். தப்பா எடுத்துக்காத."

"கேளுங்கக்கா."

"தென்றலை இங்கயே வுட்டுட்டுப் போறியா?"

கவியாவின் கை நின்றது.

"ஒரேயடியா இல்ல. படிப்பு முடியற வரைக்கும். நடு வருசத்துல புது ஸ்கூலு, புது பாஷை மாதிரி... உங்க ஊர்ப் பசங்க பேசறதே அதுக்குப் புரியாது. அப்புறம் அந்த ஹாரன். நீயே பாக்கறதானே? காலைல அந்த ஹாரன் கேட்டு, பஸ்ஸுக்குக் கை ஆட்டினாத்தான் அது பல்லு வெளக்குது, சாப்புடுது. சாயங்காலம் பஸ்ஸு திரும்பி வர்ற சத்தம் கேட்டாத்தான் புஸ்தகத்தை எடுக்குது. பாபு அந்தப் பஸ்ஸுலதான் இருக்கறான்னு நெனைச்சுகினு இருக்குது கவியா அது. அங்க கூட்டிகினு போனா அதுகூட இல்லாம போயிடும்."

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

கவியா பிழிந்த தோலையே திரும்பவும் பிழிந்தாள்.

"பிள்ளைக்கு அதான் நல்லதுன்னா..." என்று இழுத்தாள். "யோசிக்கேன்க்கா. மத்தியானம் சொல்லுதேன். அண்ணன்கிட்டயும் ஒரு வார்த்த பேசணும்."

முடியாது என்று சொல்லவில்லை! கலைமணி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வெங்காயம் நல்ல சமயத்தில் உதவியது.

பத்து மணிக்கு டியூஷன் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். லீவில் என்ன டியூஷன் என்று கேட்காதீர்கள். காலாண்டு இங்கிலீஷ் பேப்பரைத் திருத்தியபோது கலைமணிக்குத் தலை சுற்றிப்போயிருந்தது. நாலாம் வகுப்பு மொத்தமும் எஸ் எழுத்தைக் கண்ட இடத்தில் எல்லாம் அதற்கு முன்னால் அபாஸ்ட்ரஃபி என்கிற குட்டிக் குறியைத் தூக்கி மேலே மாட்டியிருந்தது. மேங்கோ'ஸ், பென்சில்'ஸ், க்ரோ'ஸ். பிள்ளைகள் அந்தக் குறிக்கு வைத்திருக்கும் பெயர் கொக்கி.

"நம்பி, மூணு மாம்பழத்துக்கு எதுக்குடா கொக்கி?"

நம்பிராஜனுடைய அப்பாவும் தெற்கிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர்தான். பையன் எழுந்து நின்று ஜன்னல் வழியே கையைக் காட்டினான். "மிஸ், போர்டுல அப்படித்தான போட்டிருக்கு?"

எதிரே ஆண்கள் ஹாஸ்டல் வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு போர்டு. ரூம்'ஸ் காலி இருக்கிறது என்று பெரிய எழுத்தில் அறிவித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் கறிக்கடையில் எக்'ஸ். அதற்கும் பக்கத்தில் பைக் மெக்கானிக் கடையில் டயர்'ஸ், டியூப்'ஸ்.

"போர்டு எழுதினவரு என்கிட்ட டியூஷன் வரல. வந்திருந்தா அவருக்கும் ரெண்டு போட்டிருப்பேன்" என்றாள் கலைமணி.

பிள்ளைகள் சிரித்தார்கள். தென்றல்தான் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தாள். கலைமணிக்கு இன்றைக்கு உற்சாகமாகக்கூட இருந்தது. மத்தியானம் கவியா என்ன சொல்லப்போகிறாள் என்பது அவளுக்கு ஏறக்குறைய தெரிந்துவிட்டது போலிருந்தது.

"நல்லா கேட்டுக்கோங்க. ஒண்ணுக்கு மேல இருந்தா வெறும் எஸ்ஸு. கொக்கி வேணாம். பொருளு யாரோடதுன்னு சொல்றப்பதான் கொக்கி. ஒருத்தரோடதுன்னா எஸ்ஸுக்கு முன்னாடி. கேர்ள்'ஸ் பேக். ஒரு பொண்ணு, அவளோட பை. நெறைய பொண்ணுங்களோடதுன்னா?"

"எஸ்ஸுக்குப் பின்னாடி!" என்றாள் ஜாஸ்மின்.

"ஏன் மிஸ், அத்தனை பேருக்கும் சேத்து ஒரே கொக்கிதானா?" என்று நம்பி கேட்டான்.

"ஆமாடா. ஹாஸ்டல்ல உங்க மாமா ரூம்ல எத்தனை பேரு, ஒரே ஆணியில துணி மாட்டல? அந்த மாதிரி வச்சுக்கோ."

இதைச் சொன்னால் போதாது, கை படிய வேண்டும் என்பது கலைமணியின் கொள்கை. ராஜாமணி கம்பெனியில் தரையில் கோடு ஒட்டி மிச்சமாகும் மஞ்சள் டேப் துண்டுகளைக் கொண்டுவருவார். ஆளுக்கு ஒரு துண்டும் ஒரு ஸ்கெட்ச் பேனாவும் கொடுத்து, வீட்டில் இருக்கிற பொருள் ஒவ்வொன்றிலும் யாருடையது என்று எழுதி ஒட்டச் சொன்னாள். உள்ளே பாத்திரம் கட்டிக்கொண்டிருந்த கவியாவின் காதிலும் விழட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னாள். இந்த வீட்டின் ஒவ்வொரு மூலையும் குழந்தைக்கு எவ்வளவு அத்துப்படி என்று அவளும் பார்க்கட்டுமே.

வீடு சந்தைக்கடை ஆயிற்று. ராஜாமணியின் ஹெல்மெட்டில் பெரியப்பா'ஸ் ஹெல்மெட். கண்ணாடிக் கூட்டில் பெரிம்மா'ஸ் ஸ்பெக்ஸ். தூங்குகிற பேச்சிராஜின் செருப்பில் மாமா'ஸ் செப்பல். அதில் நம்பி கொக்கியைச் சரியான இடத்தில் போட்டிருந்தான், எழுத்தில்தான் ஒன்று குறைந்தது. தென்றல் ஓடி ஓடி ஒட்டினாள். பூனைக்குச் சோறு வைக்கிற கிண்ணத்தைக்கூட விடவில்லை.

"மிஸ், இதுல யாருமே ஒட்டல" என்றாள் ஜாஸ்மின்.

கதவுக்குப் பக்கத்து ஆணியில் ஒரு நீலநிறச் சாப்பாட்டுப் பை தொங்கியது. பாபுவுடையது. அன்றைக்கு அவன் பைக்கில் கொண்டுபோனது. போலீஸ்காரர்கள் திருப்பிக் கொடுத்ததிலிருந்து அந்த ஆணியிலேதான் இருக்கிறது.

"இது யாரோடது தென்றல்?" என்று ஜாஸ்மின் கேட்டாள். குழந்தைதானே, அவளுக்கு என்ன தெரியும்.

தென்றல் பையைப் பார்த்தாள். பேனா மூடியைப் போட்டாள், எடுத்தாள். ஒன்றும் எழுதவில்லை.

கலைமணி குனிந்து அவள் தோளைத் தொட்டாள். "எழுதுடா கண்ணு. அப்பாவோடதுதானே?"

"இல்ல பெரிம்மா."

"ஏண்டா?"

"அப்பாதான் இல்லியே" என்றாள் தென்றல். சாதாரணமாகச் சொன்னாள். பிறகு டேப்பைத் தொடையில் வைத்து நிதானமாக எழுதி, பையின் மேல் ஒட்டினாள். பெரிம்மா'ஸ் பேக்.

"என்னோடதா? என்னோடது எப்டிடா?"

"நீதான தெனமும் காலைல ஈரத்துணியால தொடச்சு மாட்ற? யாரையும் தொட வுட மாட்டேங்கற? அது உன்னோடதுதான். அந்த ஹாரனுங்கூட உன்னோடதுதான்."

கலைமணிக்குச் சட்டென்று விளங்கவில்லை. "ஹாரனா? அது உனக்காகத்தாண்டா..."

"எனக்கு வேணாம் பெரிம்மா. அதைக் கேட்டா எனக்கு வயிறு வலிக்குது."

நம்பிகூட வாயை மூடிக்கொண்டான்.

"அப்புறம் ஏண்டா தெனம் ஓடி வர்ற?"

தென்றல் பேனாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஒரு நாள் எனக்குக் காய்ச்சல் வந்துச்சுல்ல? நான் எழுந்திரிக்கல. நீ தனியா போயி நின்னு கை ஆட்டின. அப்புறம் வந்து பாத்ரூம்ல கொழாயத் தொறந்து வுட்டுட்டு அழுத. எனக்குக் கேட்டுச்சு. அதான் அப்புறம் நான் தெனமும் வர்றேன். நான் வந்தா நீ அழறதில்ல."

கலைமணி பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அதில் ஏற்கனவே யாரோ ஒட்டியிருந்த டேப் புடவையில் ஒட்டிக்கொண்டது. நிமிர்ந்தபோது அடுப்படி வாசலில் கவியா நிற்பது தெரிந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ!

பிள்ளைகளை அனுப்பிவிட்டு அடுப்படிக்குப் போனாள் கலைமணி. கவியா தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உனக்கும் அந்த ஹாரன் கேக்குமா கவியா?"

கேட்ட பிறகுதான் எவ்வளவு முட்டாள்தனமான கேள்வி என்று தோன்றியது. முனையிலிருந்து முப்பது அடியில் வீடு. இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து அப்போதுதான் படுப்பாள் கவியா.

"கேக்கும்க்கா. ஒவ்வொரு நாளும் அது கேக்கும்போது, அன்னைக்கி மட்டும் ஏன் அடிக்காமப் போனாங்கன்னுதான் தோணும். தலகாணிய எடுத்துக் காதுல வச்சு அமுக்கிக்கிடுவேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"பிள்ளைக்காகன்னு சொன்னீங்கல்லா? பிள்ளைக்காகன்னா நான் பொறுத்துக்கிட மாட்டனா?"

தாய் பிள்ளைக்காகப் பொறுத்திருக்கிறாள். பிள்ளை பெரியம்மாவுக்காகப் பொறுத்திருக்கிறது. தனக்காக அந்தச் சத்தத்தை விரும்பியவள் அந்த வீட்டில் கலைமணி ஒருத்திதான். இதில், குழந்தையின் நன்மை என்று சொல்லிக் குழந்தையையே தனக்குக் கொடு என்று கேட்கவும் போய்விட்டாள். ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முன்னால் இதே இடத்தில் நின்றுதானே கேட்டாள்! வெட்கமாக இருந்தது.

"அக்கா, நீங்க காலைல கேட்டதுக்கு..." என்று கவியா ஆரம்பித்தாள்.

"நான் ஒண்ணும் கேக்கல."

"அக்கா..."

"கேக்கலன்னு சொல்றேன்ல? அது உன் கொழந்தை. உன்கூடத்தான் இருக்கணும். எந்திரி, துணியெல்லாம் இன்னும் மடிக்கல."

கவியா அவள் தோளில் சாய்ந்துகொண்டு அழுதாள். பாபுவைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குக்கூட இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில்தான் அழுதார்கள். இன்றைக்குத்தான் சேர்ந்து அழுதார்கள். முன்னறையில் பேச்சிராஜ் விழித்துக்கொண்டு இருமினான். எழுந்து வரவில்லை. அந்த அளவுக்கு விவரம் தெரிந்தவன்.

மத்தியானம் கலைமணி பிச்சையாவுக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, இன்னியிலேர்ந்து ஹாரன் அடிக்க வேணாம்ணா. நிறுத்தவும் வேணாம். நேரா போயிடு."

"அப்டியாம்மா..." என்றார் பிச்சையா. என்னவோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. அவள் வைத்துவிட்டாள்.

தென்றலின் துணிகளைக் கலைமணியே அடுக்கினாள். குளிருக்கு ஸ்வெட்டர் வைத்தாள். நாங்குநேரியில் எந்தக் குளிர் என்று யாராவது கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பாள். இங்கிலீஷ் நோட்டை மேலாக வைத்தாள்.

"அங்க இருக்கற மிஸ்ஸு கொக்கியெல்லாம் சொல்லித் தருவாங்களா பெரிம்மா?"

"தருவாங்க. அவங்களுக்குத் தெரியலன்னா நீ சொல்லிக்குடு."

"சில்ரனுக்கு மட்டும் ஏன் எஸ்ஸுக்கு முன்னாடி போடணும்? அவங்க நெறைய பேருதானே? அதை நீ இன்னும் சொல்லவேல்ல."

ஆமாம், அதை அடுத்த சனிக்கிழமைக்கு என்று வைத்திருந்தாள். "அது வந்து..." என்று ஆரம்பித்தவள் பெட்டியை இழுத்து மூடினாள். "போன்ல சொல்றேண்டா" என்றாள்.

கிளாம்பாக்கம் போக வாடகைக் கார் வந்தது. ராஜாமணி பாதி நாள் பர்மிஷன் போட்டுவிட்டு வந்து பெட்டிகளைத் தூக்கி வைத்தார். யார் முகத்தையும் பார்க்காமல் டிக்கியை மூன்று தடவை திறந்து மூடினார். கலைமணி ஆணியிலிருந்து நீலப் பையை எடுத்தாள். மஞ்சள் டேப்பை மெல்ல உரித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். பிறகு எலுமிச்சம்பழச் சாதப் பொட்டலங்களைப் பைக்குள் அடுக்கிக் கவியாவின் கையில் கொடுத்தாள்.

"எடுத்துகினு போ. வெறும் பைய தொடச்சு மாட்றதுக்கு, யாராவது அதுல சோறு எடுத்துகினு போனாலும் நல்லது."

கவியா பையை வாங்கிக்கொண்டாள். அண்ணன் முன் சீட்டில் ஏறியதும் கலைமணியின் கையைப் பிடித்துக்கொண்டு தணிந்த குரலில் சொன்னாள்.

"அக்கா, நான் வேலைய விடல. லீவுதான் போட்டிருக்கேன். அண்ணனுக்குத் தெரியாது. நீங்களும் சொல்லிக்கிடாதீங்க."

கலைமணி அவளை நிமிர்ந்து பார்ப்பதற்குள் கவியா காரில் ஏறிவிட்டாள். தென்றல் ஜன்னலைக் கீழே இறக்கினாள். அழவில்லை. பெரியம்மாவின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதற்காகப் பார்க்கிறாள் என்று கலைமணிக்கு இப்போது தெரியும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். கார் ஹாஸ்டல் போர்டைத் தாண்டித் திரும்பும்வரை சிரித்தபடியே நின்றாள்.

அதற்கப்புறம் வீட்டுக்குள் போக முடியவில்லை. உள்ளே எங்கே பார்த்தாலும் மஞ்சள் டேப். ராஜாமணி டீ போட்டுக்கொண்டு வந்து கொடுத்தார். அவள் அதை வாங்கிக்கொண்டு பிள்ளையார் கோயில் படியில் போய் உட்கார்ந்தாள். டீ ஆறியது.

பொழுது சாயும் நேரத்துக்குக் கம்பெனி பஸ் திரும்பி வந்தது. ஹாரன் அடிக்கவில்லை. ஆனால் நின்றது.

பிச்சையா இறங்கி வந்தார். பஸ்ஸுக்குள் அலுத்துப்போன முகங்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தன.

"பாப்பா போயிட்ச்சாம்மா?"

"போயிட்டுதுண்ணா. நான்தான் நிறுத்த வேணாம்னு சொன்னேனே."

"சொன்ன. இப்ப நான் யாரு பேச்சைக் கேக்கறதுன்னு எனக்குத் தெரியல" என்று பிச்சையா துண்டைக் கையில் சுருட்டினார். "காலைல பாப்பா என்கிட்ட வந்து பேசிச்சே, பாத்தியே, இன்னா சொல்லிச்சு தெரியுமா? 'தாத்தா, நான் ஊருக்குப் போறேன். நான் இல்லன்னு ஹாரன் அடிக்காம போயிடாத. பெரிம்மா வெளிய வந்து தனியா நிக்கும். அதுகூட நின்னு கை ஆட்டறதுக்கு ஆளு இல்ல. அதனால நீ பஸ்ஸுலேர்ந்து கை ஆட்டு. ஆட்டினா அது அழாது'ன்னு சொல்லிச்சு. சரின்னு நானும் சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேம்மா."

அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தது எல்லாம் உடைந்துகொண்டு வந்தது. குழாயைத் திறந்துவிட்டு மறைத்துக்கொள்ள அங்கே பாத்ரூம் இல்லை. நடுத்தெருவில், ஒரு பஸ் நிறைய ஆட்கள் பார்க்க, கலைமணி வாய்விட்டு அழுதாள். ராஜாமணி வீட்டுக்குள்ளிருந்து செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார்.

பிச்சையா அவள் கொஞ்சம் ஓயும்வரை நின்றார்.

"நாளைக்கு ஞாயித்துக்கெழம. வண்டி வராது. திங்கக்கெழம காலைல நான் இன்னாம்மா பண்ணட்டும்? அடிக்கட்டா, வேணாமா?"

கலைமணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வேண்டாம் என்றால் குழந்தை வாங்கிப்போன சத்தியம். வேண்டும் என்றால், இனித் தினமும் தனியாக நின்று கேட்க வேண்டிய அந்தச் சத்தம்.

பிச்சையா தலையைக் குனிந்துகொண்டு போய் வண்டியில் ஏறினார். வண்டியைக் கிளப்பினார். பிறகு என்ன நினைத்தாரோ, ஜன்னல் வழியே கையை நீட்டி, பழக்கமில்லாத மாதிரி, மெதுவாக ஆட்டினார். அவருக்குப் பின்னால் பாபு வழக்கமாக உட்காரும் ஜன்னலில் இருந்த ஒரு பையனும், எதற்கென்று தெரியாமலே, கை ஆட்டினான்.

கலைமணியின் கை மேலே எழுந்தது. உள்ளங்கையில் அந்த மஞ்சள் டேப் இன்னும் ஒட்டியிருந்தது.